ராட்டினத் தலைவலிக்கு ஒரு குவாலிட்டி சர்க்கிள்

பைகள் ஒவ்வொன்றாக என் காலடியில் வந்து விழுந்தன. முதலில் டிபன் கேரியர் வைத்த வயர் கூடை. அதன்மேல் மாற்றுத்துணி மூட்டை. அப்புறம் சிப்ஸ் பாக்கெட் திணித்த ஸ்கூல் பை, துண்டுகள், யாரோ கழற்றிப் போட்ட புதுச் செருப்பு, கைக்குழந்தையின் பால் புட்டி. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வருடா வருடம் அங்கேதான் வைப்பார்கள், இந்த வருடமும் வைத்தார்கள்.

ஆனால் நான் இந்த வருடம் பை பார்த்துக்கொள்ள வரவில்லை.

வயிறு நிறைய இட்லி சாப்பிட்டிருந்தேன். இரவு நேரத்தோடு தூங்கியிருந்தேன். எப்போதும் போடுகிற கொண்டையை அவிழ்த்து, பள்ளிக்கூடப் பெண் மாதிரி தாழப் பின்னிக்கொண்டு வந்திருந்தேன். பல்லைக் கடிக்கக் கூடாது என்று உத்தரவு இருந்ததால் வாயை லேசாகத் திறந்தே வைத்திருந்தேன். பார்ப்பதற்கு எப்படி இருந்திருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

“அது சரி, பையை யாரு பாத்துக்கறது?” என்று சத்தமாகக் கேட்டாள் ரெஹானா. அவள் எனக்குப் பக்கத்து மேசைக்காரி, கிருஷ்ணகிரிப் பெண். பதில் தெரியாமல் அவள் எதையும் கேட்கமாட்டாள்.

கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது. நான் எங்கள் சூப்பர்வைசர் மஞ்சுநாத்தைப் பார்த்தேன். மஞ்சுநாத் வானத்தைப் பார்த்தார்.

நிற்க. இந்த இடத்தில் எல்லோரும் ஏன் முழித்தோம் என்பது புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எனக்குக் கதையை நேராகச் சொல்ல வராது என்பது இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு இதற்குள் பழகியிருக்கும்.

பைக்கு ஒரு ஆள்

நான் வேலை பார்ப்பது ஓசூரில், வண்டிகளுக்கு ரப்பர் வாஷர் செய்கிற ஒரு கம்பெனியில். ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் என்று பெயர். மேசை விளக்குக்கு அடியில் லென்ஸை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாஷரின் ஓரத்திலும் பிசிறு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை.

கல்லாவியில் இருக்கிற என் பெரியம்மாவுக்கு இதைப் புரியவைக்கப் பார்த்துத் தோற்றுப்போனேன். “ஓட்டை இருந்தா தூக்கிப் போட்டுருவியா?” என்று கேட்டார். “இல்ல பெரிம்மா, ஓட்டை இருக்கணும், ஓரம்தான் சுத்தமா இருக்கணும்” என்றேன். “இதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா?” என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டார்.

எங்கள் கம்பெனியில் வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘ஃபேமிலி டே’. விடிவதற்குள் பஸ்கள் வந்து நிற்கும். அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூர்ப் பக்கம் இருக்கிற ஒரு பெரிய ராட்டினப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். எல்லைக் கோடு வரைக்கும் பஸ்ஸில் தமிழ்ப் பாட்டு ஓடும். அதைத் தாண்டியதும் பின்சீட்டு ஆட்கள் கன்னடப் பாட்டு கேட்பார்கள், நடுச்சீட்டில் தெலுங்கு வேண்டும் என்பார்கள். டிரைவர் ஏதோ ஒரு இந்திப் பாட்டைப் போட்டு எல்லோரையும் ஒரே மாதிரி கடுப்பேற்றுவார்.

நான் முதன்முதலில் போன வருடம் பஸ்ஸில் வாந்தி வந்துவிடக் கூடாது என்று காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. காபியையும் விட்டேன். காபி குடிக்காவிட்டால் எனக்குப் பொழுதே விடியாது. கொண்டையில் பெரிய கிளிப் ஒன்றை வேறு மாட்டிக்கொண்டு, அங்கே சுற்றுகிற கோப்பை ஒன்றில் ஏறினேன். சின்னக் குழந்தைகள் ஏறுகிற ராட்டினம் அது. இறங்கும்போது தலைக்குள் கிரைண்டர் ஓடியது.

“வாணிக்கு ரைடு ஆகாது. பையைப் பாத்துக்கிட்டு உக்காரட்டும்” என்று யாரோ சொன்னார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் நன்றாக நாலு கேட்டிருப்பேன். அந்த ஒரு வார்த்தை அப்படியே என்மேல் ஒட்டிக்கொண்டது. அடுத்த வருடத்திலிருந்து யாரும் கேட்கவே இல்லை. உள்ளே போனதும் பெரிய ரயிலுக்கு எதிரே இருக்கிற சிமெண்ட் பெஞ்சில் நான் உட்காருவேன், காலடியில் பைகள் வந்து விழும். ரோலர் கோஸ்டரைத்தான் எங்கள் ஆட்கள் பெரிய ரயில் என்பார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒன்றிலும் ஏறாமலே எனக்கு மத்தியானத்துக்குள் தலைவலி வந்துவிடும். “ஏறாமலே இப்படின்னா, ஏறினா என்னாகும்!” என்று எல்லோரும் பரிதாபப்படுவார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொள்வேன்.

பை பார்ப்பதைச் சாதாரண வேலை என்று நினைக்காதீர்கள். போன், பர்ஸ், கழுத்துச் செயின், மூக்குக்கண்ணாடி எல்லாம் என் மடிக்குத்தான் வரும். ஸ்டோர்ஸில் வேலை செய்கிறவர் தன் மாமனாரின் பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றி என்னிடம் கொடுப்பார். மாமனாருக்குத் தண்ணீர்ச் சறுக்கில் இறங்க ஆசை, பல்செட் போய்விடுமோ என்று பயம். அவர் திரும்பி வந்து வாயில் போட்டுக்கொள்ளும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பக்கத்து பெஞ்சுகளிலும் என்னைப் போன்றவர்கள் உண்டு. எல்லாக் கூட்டத்துக்கும் இப்படி ஒரு ஆள் இருக்கிறார் என்பது அங்கே போய்த்தான் எனக்குத் தெரிந்தது. “உங்களுக்குத் தலைவலிங்களா?” என்று ஒருமுறை வேறு கம்பெனிப் பெரியவர் ஒருவரைக் கேட்டேன். “இல்லம்மா, முட்டி” என்றார். அவருக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாளுக்கு பிரஷர். உடம்பில் ஏதோ ஒரு கோளாறு இருந்தால்தான் அந்த உத்தியோகம் கிடைக்கும்.

என் மகள் பக்கத்தில்

இதெல்லாம் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஹரிணி இல்லையென்றால் விட்டிருப்பேன்.

ஹரிணி என் மகள், ஒரே மகள். வீட்டுக்காரர் பாகலூர்ப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் மேஸ்திரி. ரோஜாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, அதனால் ஃபேமிலி டேக்கு என் ஃபேமிலி என்பது ஹரிணி மட்டும்தான். உயரம் பார்த்து உள்ளே விட ஆரம்பித்த வருடத்திலிருந்து அவள் பெரிய ரயிலில் ஏறுகிறாள். பக்கத்தில் எப்போதும் வேறு யாராவது ஒரு பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருப்பாள். நான் கீழே பல்செட்டோடு உட்கார்ந்திருப்பேன்.

நான் சொல்லிக்கொண்டிருக்கிற அந்த வருடம் அவள் பிளஸ் டூ எழுதி முடித்திருந்தாள். கோயம்புத்தூரில் காலேஜ், ஹாஸ்டல் என்று முடிவாகிவிட்டது. அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக அம்மாவின் கம்பெனி பஸ்ஸில் ஏற அவள் வரப்போவதில்லை. வந்தாலும் போனைப் பார்த்துக்கொண்டுதான் வருவாள்.

ஒரே ஒரு தடவை அந்த ரயிலில் என் மகள் பக்கத்தில் நான் உட்கார வேண்டும். ஆசை அவ்வளவுதான். வீட்டுக்காரரிடம் சொன்னேன். “ஆகாதுன்னா விட்டுத் தொலையேன், அதுல போய் என்னா கெடக்குது” என்றார். ரோஜாவுக்குப் பூச்சி வந்தால் ராத்திரி பகலாக அலைகிற மனுஷன்.

நல்ல சாம்பிள்

அந்தச் சமயத்தில்தான் மேனேஜர் ஒரு நாள் காலை மீட்டிங்கில் குண்டைப் போட்டார். போன வருடம் ஃபேமிலி டேக்கு மறுநாள் பாதிப் பேர் தலைவலி என்று லீவு போட்டதில் லைன் நின்றுவிட்டதாம். “இந்த வருஷமும் நின்னுச்சுன்னா அடுத்த வருஷம் ராட்டினம் கிடையாது. கோயிலுக்குத்தான் பஸ் போகும்” என்றார். பக்தி உள்ளவர்கள்கூட அன்றைக்கு முகம் சுளித்தார்கள்.

மஞ்சுநாத்துக்கு இது போதும். மஞ்சுநாத் தளிப் பக்கத்துப் பையன். வீட்டில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, லைனில் தமிழ், கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும். தங்கமான குணம். ஆனால் எங்கே எந்தக் குறையைக் கண்டாலும் அதற்கு ஒரு படம் போட்டு ஆராய்ச்சி செய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கேன்டீன் சாம்பார் ஏன் வெள்ளிக்கிழமை மட்டும் தண்ணியாக இருக்கிறது என்பதற்கே படம் போட்டவர்.

எங்கள் கம்பெனியில் குவாலிட்டி சர்க்கிள் என்று ஒன்று உண்டு. ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு குறையை எடுத்துக்கொண்டு, அது ஏன் வருகிறது என்று தோண்டிக் கண்டுபிடித்து, இனி வராமல் செய்து, மேடையேறி விளக்கிச் சொல்ல வேண்டும். ஜெயித்தால் ஆளுக்கு ஒரு ஸ்டீல் குடம். (குடம் அந்த வருடம் வேறு டீமுக்குப் போனது. அந்த வயிற்றெரிச்சலை இன்னொரு வாரம் வைத்துக்கொள்ளலாம்.)

“அக்கா, இந்த வருஷம் உங்க தலையை எடுத்துக்கலாம்” என்று வந்து நின்றார் மஞ்சுநாத்.

“எடுத்துக்கிட்டு?”

“டிஃபெக்ட் அக்கா. மத்தவங்களுக்கு ஒரு வருஷம் வருது, ஒரு வருஷம் வரல. அந்த மாதிரி டிஃபெக்ட்டைப் பிடிக்கவே முடியாது. உங்களுக்குத் தப்பாம வருது. உங்களை மாதிரி நல்ல சாம்பிள் கிடைக்காது.”

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னைப் பற்றி யாரும் இவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை. ஒத்துக்கொண்டேன். இவர்கள் ஏதாவது செய்து என் தலையைச் சரிப்படுத்திவிட்டால் ஹரிணி பக்கத்தில் உட்கார்ந்துவிடலாமே என்பதுதான் என் கணக்கு. குடத்தைப் பற்றி நான் கவலைப்படவில்லை. சரி, கொஞ்சம் பட்டேன்.

ஏன், ஏன், ஏன்

ஷிஃப்ட் முடிந்ததும் கேன்டீன் மூலையில் வெள்ளைப் பலகையை வைத்து உட்கார்ந்தோம். மஞ்சுநாத் பலகையில் பெரிய மீன் முள் ஒன்றை வரைந்தார், முள்ளுக்கு ஒரு காரணம் எழுதுவதற்கு. மீனின் தலை இருக்கிற இடத்தில் ‘வாணி அக்கா தலைவலி’ என்று எழுதினார். ரெஹானா எழுந்து போய் மீனுக்குப் பொட்டு வைத்தாள்.

குவாலிட்டி சர்க்கிளில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு குறைக்கு ‘ஏன்’ என்று கேட்டு, கிடைத்த பதிலுக்கு மறுபடி ‘ஏன்’ என்று கேட்டு, இப்படி ஐந்து ஏன் கேட்டால் மூலகாரணம் சிக்கிவிடும் என்பார்கள். வீட்டில் குழந்தைகள் இதைச் செய்தால் முதுகில் ஒன்று வைப்போம். கம்பெனியில் செய்தால் கை தட்டுவார்கள்.

“ஏன் தலைவலி வருது?”

“ரைடுல ஏர்றதால” என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். நானும்தான் சொன்னேன்.

“ரைடுல ஏறினா ஏன் வருது?”

“தலை ஆடுது.”

“ஏன் ஆடுது?”

“தலையைச் சீட்டுல சாய்க்க முடியல.”

“ஏன் முடியல?”

“கொண்டை இடிக்குது.”

“கொண்டை ஏன் இவ்ளோ பெருசு?”

“எங்கம்மா வழியில எல்லாருக்கும் முடி அடர்த்தி” என்றேன்.

மஞ்சுநாத் அதையும் எழுதிவிட்டார். பலகையின் அடியில் மூலகாரணம் என்று கட்டம் போட்ட இடத்தில் என் அம்மா இருந்தார். “அப்ப ஊருக்கு ஒரு ஆளை அனுப்பி அம்மாவைச் சரி பண்ணிட்டா முடிஞ்சுது” என்றாள் ரெஹானா. மஞ்சுநாத் மட்டும் சிரிக்கவில்லை.

அதோடு விட்டாரா? சுழல் நாற்காலி ஒன்றை ஆபீஸிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து, என்னை உட்காரவைத்துச் சுற்றினார். “வருதா அக்கா?” என்றார். வரவில்லை என்றேன். இன்னும் வேகமாகச் சுற்றினார். “இப்ப?” பசி வருகிறது என்றேன். அப்போதாவது எங்களுக்கு லேசாக உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

விஷயம் வெளியே கசிந்ததும் கம்பெனி முழுக்க வைத்தியர்கள் முளைத்துவிட்டார்கள். சுக்கை இழைத்து நெற்றியில் பற்று போட்டுக்கொண்டு ஏறச் சொன்னார் திருநெல்வேலியிலிருந்து வந்து மோல்டிங்கில் வேலை பார்க்கிற ஒருவர். சேலத்துப் பெண் ஒருத்தி எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே இருக்க வேண்டும் என்றாள். தலைகீழாகத் தொங்கும்போது பழம் யார் தலையில் விழும் என்று கேட்டேன், கோபித்துக்கொண்டாள். செக்யூரிட்டிக்காரர் தலையைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டினால் எந்த வலியும் உள்ளே நுழையாது என்று அடித்துச் சொன்னார்.

கடைசியில் உருப்படியாகச் சொன்னது கம்பெனி மருத்துவ அறை நர்ஸ்தான். முந்தின ராத்திரி நன்றாகத் தூங்கு, வெறும் வயிற்றோடு ஏறாதே, வயிறு முட்டத் தின்றுவிட்டு உடனேயும் ஏறாதே. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இரு. தினம் காபி குடிக்கிறவள் அன்றைக்கு மட்டும் விரதம் இருக்காதே. தலையில் கிளிப் கூடாது. முதுகும் தலையும் சீட்டில் ஒட்டியிருக்கட்டும், பார்வை நேராக முன்னால் போகட்டும், பல்லைக் கடிக்காதே. ஒன்றிலிருந்து இறங்கி உடனே இன்னொன்றில் ஓடி ஏறாதே, நிழலில் கொஞ்சம் உட்கார். ஏற்கெனவே தலையோ கழுத்தோ வலித்தால் ஏறவே ஏறாதே. திடீரென்று பொறுக்க முடியாத வலி வந்தால் பற்று போட்டுக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் ஓடு.

பிரஷர் பார்த்து, கழுத்தைத் திருப்பிப் பார்த்து, “உங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க, தாராளமா ஏறுங்க” என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இத்தனை பேர் ஆகாது என்று சொல்லியிருக்கிறார்களே.

சாம்பிள் உட்காரக் கூடாது

ஆக, அப்படித் தயாராகித்தான் அன்றைக்குப் பூங்காவில் வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தேன். பத்திய ஏற்பாடு எல்லாவற்றையும் யோசித்த எங்கள் சர்க்கிள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. நான் ஏறினால் பையை யார் பார்ப்பது?

“வாணிக்கா எப்பவும் போல பாத்துக்கட்டும், மத்தியானமா ஒரு தடவை ஏறட்டுமே” என்றது ஒரு குரல்.

மத்தியானத்துக்கு மேல் கூட்டம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வரிசை தேர் வடம் மாதிரி நீளும். மத்தியானம் என்றால் இல்லை என்று அர்த்தம். ஹரிணி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“சாம்பிளைக் கொண்டுபோய் பெஞ்சுல உக்கார வெச்சிட்டா மேடையில ஏறி என்னாத்தங்க சொல்லுவீங்க?” என்று ரெஹானா மஞ்சுநாத்தைப் பார்த்துக் கேட்டாள்.

மஞ்சுநாத் வானத்திலிருந்து இறங்கி வந்தார். “சரி ஆயித்து. நானே உக்கார்றேன்” என்றார்.

பொறுப்பை ஒப்படைத்தேன். செயின்கள் இந்தப் பர்ஸில், போன்கள் இந்தக் கூடையில், பால் புட்டி வெயில் படாத பக்கம், புதுச் செருப்பு யாருடையது என்று யார் கேட்டாலும் தெரியாது என்று சொல்ல வேண்டும். “இந்தக் கைக்குட்டையை மட்டும் பிரிக்காதீங்க” என்று பல்செட்டை அவர் கையில் வைத்தேன். பிரித்துவிட்டார். “அய்யோ தேவரே” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பெரிய ரயில்

வரிசையில் நிற்கும்போது நான் வாய் ஓயாமல் பேசினேன். பயந்தால் எனக்கு வாய் ஓடும். ஹரிணி அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தாள். இரண்டு முறை பாத்ரூம் போய் வந்தாள். என் பயம் பிள்ளைக்கும் தொற்றிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, “அம்மாவுக்கு ஒண்ணும் ஆவாதுடி, கவலைப்படாதே” என்று முதுகைத் தடவிக் கொடுத்தேன். “ம்” என்றாள்.

உட்கார்ந்தோம். கம்பி வந்து மார்பில் அழுந்தியது. முதுகையும் தலையையும் சீட்டில் ஒட்டினேன். பார்வை நேராக. வாய் லேசாகத் திறந்து. வண்டி கடகடவென்று மேலே ஏறியது. தூரத்தில் நெடுஞ்சாலையில் லாரிகள் ஓசூரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. அப்புறம் தரை காணாமல் போனது.

என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அலறல் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, சிரிப்பு. வயிற்றிலிருந்து கிளம்பி வந்த சிரிப்பு. கவிழ்ந்தபோதும் சிரித்தேன், சுழன்றபோதும் சிரித்தேன், முன்சீட்டு ஆள் திரும்பிப் பார்க்க முடியாமல் திட்டியபோதும் சிரித்தேன். இவ்வளவு சந்தோஷத்தை எதிரிலேயே வைத்துக்கொண்டா இத்தனை வருடம் அடுத்தவர் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன்.

இறங்கியதும் தலையைத் தொட்டுப் பார்த்தேன். லேசாக ஆட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஹரிணியின் முகம்தான் வெளிறியிருந்தது. என் மணிக்கட்டில் அவளுடைய நகம் பதிந்த தடம் வரிசையாக இருந்தது.

நனைந்த கைக்குட்டை

சாம்பிள் பாஸ் என்ற நல்ல செய்தியைச் சொல்ல பெஞ்சுக்கு ஓடினேன். நர்ஸ் சொன்னபடி, அடுத்ததில் ஏறுமுன் கொஞ்சம் உட்காரவும் வேண்டியிருந்தது. வரிசை நகரவே நேரமாகியிருந்ததால் வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மஞ்சுநாத் கைக்குட்டையை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தார். அது பல்செட்டைச் சுற்றிய கைக்குட்டையாக இருந்துவிடப் போகிறதே என்று முதலில் அதைத்தான் பார்த்தேன்.

“தலெ நோவு அக்கா” என்றார். வலி என்று வந்தால் அவருக்குக் கன்னடம்தான் வரும்.

“நீங்க எதுலயும் ஏறலையே?”

“எங்க அக்கா ஏர்றது. ஒரு நிமிஷம் விடல. ஒருத்தர் வந்து சீப்பு கேக்கறாங்க, ஒரு குழந்தை வந்து அங்கிள் சிப்ஸ் எங்கேன்னு கேக்குது, தலைக்கு மேல அந்த ஸ்பீக்கர் வேற.”

“தண்ணி குடிச்சீங்களா?”

“எப்படி அக்கா குடிக்கறது? குடிச்சா பாத்ரூம் போகணும். இதையெல்லாம் யார் கிட்ட விட்டுட்டுப் போறது?”

அச்சு அசலாக அதே வார்த்தையை வருடா வருடம் அதே பெஞ்சில் உட்கார்ந்து எனக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காலையில் உட்கார்ந்தால் எல்லோரும் வரும்வரை தண்ணீரும் கிடையாது, சோறும் கிடையாது. பழுக்கக் காய்ந்த சிமெண்ட், தலைக்கு நேரே வெயில், காதுக்கு மேலே ஸ்பீக்கர். தலை வலிக்காமல் வேறென்ன செய்யும்? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மஞ்சுநாத்தும் மெதுவாகத் தலையை நிமிர்த்தினார். வலியிலும் மனுஷனுக்குக் கண்ணில் ஒரு வெளிச்சம். “அக்கா, முதல் ஏன் தப்பு” என்றார். “ரைடுல ஏறி உங்களுக்குத் தலைவலி வரல. இங்க உக்காந்து வருது.”

“இப்பத்தான் தெரியுது.”

“அங்க பாருங்க, அந்தக் கடைக்குப் பின்னாடி மரத்தடியில பெஞ்ச் இருக்குது. நிழல். பாத்ரூமும் பக்கத்துல. வருஷா வருஷம் ஏன் அக்கா இந்த வெயில்ல வந்து உக்கார்றீங்க?”

“அங்க உக்காந்தா ரயில் தெரியாது.”

“ரயில் ஏன் தெரியணும்?”

ஹரிணி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

“இவ மேல போறப்ப பாக்கணும்ல” என்றேன்.

அதற்குள் ரெஹானாவும் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். இன்னொரு ரவுண்டு போகலாம், எல்லோரும் சாப்பிடப் போயிருப்பதால் வரிசை இப்போது சின்னதாக இருக்கிறது என்று பரபரத்தார்கள். மஞ்சுநாத்தின் நிலைமையைப் பார்த்ததும் ரயிலை விட்டுவிட்டுப் பைகளைப் பார்த்தார்கள். பிறகு பழைய பழக்கத்தில் எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பியது. “வாணிக்காதான் ஒரு தடவை போயாச்சே” என்றார் ஒருவர். தப்பாகச் சொல்லவில்லை, நியாயமாகத்தான் சொன்னார். என் காலும் தானாகப் பெஞ்சுப் பக்கம் நகர்ந்தது.

எனக்கு முன்னால் ஹரிணி போய் உட்கார்ந்துவிட்டாள்.

“நீ போம்மா. நான் பாத்துக்கறேன்.”

“உனக்குத்தானடி அந்த ரயில்னா உசிரு?”

“யாரு சொன்னா?” என்றாள். “எனக்குச் சின்னதுலருந்தே அதுன்னா பயம். வயித்தைக் கலக்கும். கீழ விழுறப்ப கண்ணை மூடிக்குவேன்.”

“அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் ஏறின?”

“நீ இங்க எழுந்து நின்னு ரெண்டு கையையும் ஆட்டுவ. உன் முகத்தைப் பாக்கணுமே நீ. அம்மாவாலதான் ஏற முடியல, நானாச்சும் ஏறணும்னு ஏறுவேன்.”

பயம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன்.

“சொன்னா நீ யாரைப் பாத்துக் கை ஆட்டுவ?” என்றாள்.

மஞ்சுநாத் கைக்குட்டைக்கு அடியிலிருந்து என்னவோ சொல்ல வாயெடுத்தார். ரெஹானா அவர் தோளைத் தட்டி அடக்கினாள்.

பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது, பளாரென்று ஒன்று வைக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. சுற்றிலும் கம்பெனி ஆட்கள் நின்றிருந்தார்கள். ஹரிணி எழுந்து கூடையை ஒரு கையிலும் துணி மூட்டையை இன்னொரு கையிலும் தூக்கினாள். “இதையெல்லாம் அந்த மரத்தடிக்குக் கொண்டுபோறேன். அங்கருந்து நீ ஏர்றது எனக்குத் தெரியாது. பரவாயில்லையா?”

“பரவாயில்ல.”

“தண்ணி குடிச்சிட்டுப் போ.”

குடித்தேன். மஞ்சுநாத்துக்கும் கொடுத்தேன். அவர் பாட்டிலை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டுப் பாத்ரூமைப் பார்த்து ஓடினார்.

இந்தத் தடவை முன்சீட்டு கிடைத்தது. பக்கத்தில் ரெஹானா. வண்டி உச்சிக்கு ஏறியதும் கீழே பார்த்தேன். சிமெண்ட் பெஞ்ச் காலியாக இருந்தது. அதற்கு அப்பால் அந்த மரம், அதன் உச்சி இலைகள் மட்டும் தெரிந்தன. கீழே என் மகள் ஹாயாகச் சிப்ஸ் தின்றுகொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை, நானும் யாரையும் தேட வேண்டியதில்லை. இரண்டு கையையும் மேலே தூக்கினேன். வண்டி விழுந்தது.